இதரச் செலவினம்

முதல் வரைபடத்தில் உச்சியில் ஒரு சுடர் வைத்திருந்தேன்.
தீ யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பு.
பாலிடெக்னிக்கில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

கடலூர் முதுநகர், அலுவலக மாடி,
ஒரே மின்விசிறிக்குக் கீழே பதினாறு நாற்காலி.
"இது குத்துவிளக்கு" என்றார் வழக்கறிஞர் இன்னாசி.
"மெழுகுவத்தி, நல்லா பாருங்க" என்றார் பக்கிரிசாமி.
சந்தனக்கூட்டுத் தீவட்டியாகவும் இருக்கலாமே
என்று தாவூது பாய் சொன்னது கிண்டலா, கோரிக்கையா?
நடவடிக்கைக் குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

சுடரை அழித்தேன்.

அவரவர் சின்னம் அவரவர் பேருக்கு மேலே,
செத்தவன் சாமியோடுதானே செத்தான் என்றது ஒரு தரப்பு.
ஒன்றுமே கூடாது, இது அரசுப் பணம்,
சாமி இல்லாதவன் பாக்கெட்டிலிருந்தும் வந்தது
என்றது இன்னொன்று.
இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன.
சரியென்று பட்டதையெல்லாம் எழுதினால்
கூட்டம் முடியாது.

பின்வரிசையில் யாரோ கேட்டார்:
பேர் வெட்டப் போறீங்களே, அத என்ன பண்ணுவீங்க?
அங்காளன். அந்தோணியம்மாள். கதீஜா பீவி.
பாதிப் பேருக்குள்ள சாமி உக்காந்திருக்கு,
உளி வச்சுப் பேத்துடுவீங்களா?
தேநீர் வந்தது.
கேள்வி ஆறிப்போனது.

இரண்டாம் வரைபடம்: அலை.
கருங்கல்லில் வளைந்து எழும் ஒற்றை அலை.
எந்த வேதத்திலும் எந்த வழக்கிலும் சிக்காது என்று
மேலிடத்திலிருந்து பாராட்டு.
சிங்காரத்தோப்பிலிருந்து வந்திருந்த வேம்பரசி
தாளை வாங்கினாள். கிட்ட வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.
"கொன்னதுக்கே செலையா?"

அவ்வளவு நேரம்
அந்த மாடியில் யாரும் பேசாமல் இருந்ததில்லை.
பிறகு ஒருவர் எழுந்து
உப்பனாற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.
சிப்காட் வாடை என்றார்.

மீன் என்றார்கள். இன்னாசியே வேண்டாமென்றார்,
அது எங்க பழைய அடையாளம், பின்னால எங்களைத்தான் சொல்வீங்க.
படகு என்றார்கள். படகுக்குப் பேர் வேண்டும்,
பேர் என்றால் மறுபடி சாமி.

கடைசியில் நின்றது தூண்.
ஒன்பதடி, மெருகேற்றியது, மொட்டை.
மைல் கல்லா மேடம் என்று ஆட்டோக்காரர் கேட்டார்.
நாற்பத்தேழு பேர், அகர வரிசையில்.
அடையாளம் தெரியாத ஆண் குழந்தை, வயது சுமார் மூன்று:
அவனைக் கடைசியில் போட்டிருந்தேன்.
கல் வெட்டுகிறவன்தான் திருத்தினான்.
அகர வரிசைன்னா அவன் இங்க வரணும்,
அங்காளனுக்குக் கீழ, அந்தோணியம்மாளுக்கு மேல.
இதற்கு மட்டும்
ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

டிசம்பர் இருபத்தாறு.
பால் குடங்களோடு ஊர் கடலுக்குப் போனது.
திரும்பும் வழியில்தான் தூண்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன்.
மெழுகு வழிந்து மஞ்சளோடு உறைந்திருந்தது.
எழுத்துக் குழிகளில் குங்குமம், ஊதுவத்திச் சாம்பல்.
கதீஜா பீவியின் பேரில் மட்டும் அத்தர் வாசம்.

மதிப்பீடு போட்டேன்:
மெழுகு சுரண்ட ஆள் ஒன்று, அரை நாள்.
எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா உப்பு, இரண்டு கிலோ.
தேங்காய் நார், வாளி. தண்ணீர் லாரி, ஒரு நடை.
கணக்குத் தலைப்பு: இதரச் செலவினம்.
வைப்பதற்கு இல்லாத பணம்
கழுவுவதற்கு வருஷா வருஷம் வரும்.

துப்புரவுக்கு வந்த நாகவல்லி பாதியில் நிறுத்தினாள்.
இரண்டாவது பேருக்கு நேர் கீழே, தரையில்,
பறக்காமல் இருக்க மேலே ஒரு சிப்பி வைத்து,
பிரிக்காத பால் பிஸ்கட் பாக்கெட்.

"இத எடுக்கணுமா மேடம்?"

அரசாணையைப் பிரித்தேன்.
சின்னம், குறி, உருவம், வாசகம்.
நாலு சொல்தான் இருந்தது.
திரும்பவும் படித்தேன்.
லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
அவள் வாளியோடு நின்றாள்.

எறும்புகளுக்கு யார் சொன்னார்களோ,
வரிசையாக வந்துகொண்டிருந்தன.